வானத்தில் ஒரு சங்கரா

அப்போது எனக்குத் தமிழ்ப் பித்து தலைக்கேறியிருந்தது. அறுபத்தெட்டாம் வருஷம், ஊரே அப்படித்தான் இருந்தது. மயிலாப்பூரில், கடற்காற்று வந்து கரும்பலகைத் துணியைக் கீழே தள்ளிவிடும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்புக்கு நான் முத்துலட்சுமி டீச்சர். யாராவது நட்சத்திரம் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மீன்னு சொல்லுங்க, அதுதான் தமிழ்" என்பேன். என்னை டீச்சர் என்று கூப்பிடுவது மட்டும் காதில் உறுத்தியதேயில்லை.

ஆண்டு விழாவுக்காக ஒரு வானம் செய்தோம். இரண்டு பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து, நீல மை வில்லை கரைத்த வாளியில் முக்கி, கொடியில் காயப்போட்டோம். அதன்மேல் வெள்ளைச் சாயத்தில் அச்சு வைக்க வேண்டும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்து வைத்தால், ஐந்து முனையோடு நட்சத்திரமேதான். பாருங்கள், நானே சொல்லிவிட்டேன்.

வெண்டைக்காய் விஷயத்தை முந்தின வாரமே சொல்லியிருந்தேன். லூர்துமேரி அதற்கப்புறம்தான் சேர்ந்தாள். மூன்று தடவை குப்பத்துக்கு நடந்து போய், மீன் விற்கும் அவள் அம்மா தேசம்மாவிடம் கெஞ்சி அழைத்து வந்த பிள்ளை. "ஒரு வாரம் பாக்கறேன். புள்ள அழுதுகினு வந்துச்சுன்னா கூடையைத் தூக்க வெச்சுருவேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அந்த வாரம் முழுக்க லூர்துமேரி வாயே திறக்கவில்லை.

வியாழக்கிழமை சொன்னேன்: "நாளைக்கு மீன் அச்சு. ஆளுக்கொன்னு கொண்டு வாங்க."

வெள்ளிக்கிழமை எல்லார் கையிலும் வெண்டைக்காய். லூர்துமேரி காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு சங்கரா மீன். கபாலி மூக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான். வகுப்பே சிரித்தது. நானாவது சும்மா இருந்தேனா? "இதென்ன மார்க்கெட்டா?" என்று கத்தினேன்.

"நீங்கதான மீனுன்னு சொன்னீங்க" என்றாள். அதுதான் அவள் வகுப்பில் பேசிய முதல் வார்த்தை. "மேல மினுக்குறத நாங்க வெள்ளின்னு சொல்லுவோம், டீச்சர்." கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பொட்டலத்தை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

வெள்ளி! அது மட்டும் தமிழில்லையா? எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கையிலிருந்து மீனை வாங்கித் துடைத்தேன். தூரிகையால் உடம்பு முழுக்கச் சாயம் பூசி, துணியைத் தரையில் விரித்து, "வை, கண்ணு" என்றேன்.

இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி, மெல்ல எடுத்தாள்.

செதிள் ஒவ்வொன்றும் விழுந்திருந்தது. துடுப்பின் நரம்புகூடத் தெரிந்தது. முதலில் கபாலிதான் பெஞ்சிலிருந்து இறங்கினான். "எனக்கு டீச்சர், அடுத்தது எனக்கு!"

மத்தியானம் துணியை வாசலுக்கு எதிர்ச் சுவரில், ஜன்னலை மூடினாற்போல் மாட்டினோம். காற்று உள்ளே வந்து அதைத் தூக்கியது. முப்பது சங்கராக்கள் வெண்டைக்காய் வெள்ளிகளுக்கு நடுவே நெளிந்து போயின. வெயில் நீலத்தில் நனைந்து தரையெல்லாம் ஆடியது. பிள்ளைகள் அண்ணாந்தபடி நின்றார்கள். நாங்கள் எல்லாரும் தண்ணீருக்கடியில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. மணி அடித்தும் யாரும் நகரவில்லை.

வாசலில் கூடையோடு தேசம்மா நின்றாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "அழுதியாமே?" என்று மகளைக் கேட்டாள்.

லூர்துமேரி வெள்ளை படிந்த விரலால் சுவரைக் காட்டினாள்.

தேசம்மா பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். துணி ஒரு தடவை எழும்பி அடங்கியது. பிறகு கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கெழம இன்னா மீனு வோணும், டீச்சர்?"