மெஹிதபெல் கொடுக்காமல் வைத்த தாள்

ரோடா பென்னக் குடும்பப் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து பதினொரு நாள் அவள் வீட்டில் மட்டும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நாய் வாயைத் திறந்து திறந்து மூடியது. கெட்டில் கொதித்தது, விசில் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியா வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. மௌனமாக உட்கார்ந்து தொழுகிற குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் முதல் மூன்று நாள் யாரும் கவனிக்கக்கூட இல்லை.

பெட்டியில் இருந்தவை ஆறு தலைமுறைக்கு முந்திய பாட்டி மெஹிதபெல்லின் காகிதங்கள். இங்கிலாந்து ராஜா ஆண்ட காலம், 1764. பீப்பாய் செய்கிற ஓவன் என்பவனை அவள் பாதிரியார் முன்னால் கட்டிக்கொண்டாள். அவன் வேற்றுச் சபைக்காரன், போதாததற்குப் பாட்டுப் பாடுகிறவன்; குவேக்கர்களுக்குப் பாதிரியாரும் கிடையாது, பாட்டும் ஆகாது. குவேக்கர் சபை அவளை விலக்கியது. செய்தது தப்பு என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள், அதுதான் முறை. மகராசி ஆறு தாள் எழுதிப் பார்த்திருக்கிறாள். ஆறும் ‘வருந்துகிறேன்’ என்பதோடு நின்றுவிட்டன. ஏழாவதை முடித்தாள், கொடுக்கவில்லை. மகள் எழுதி வைத்த குறிப்புப்படி, நாற்பது வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தொழுதுவிட்டு, விலக்கப்பட்டவளாகவே செத்தாள். ரோடாவுக்கு மனசு ஆறவில்லை. அவளை எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று ஏழாவது தாளோடு சபைக்குப் போனாள்.

அங்கே கைதூக்கி முடிவெடுப்பதில்லை. ஒருவர் மனம் ஒப்பாவிட்டாலும் காரியம் நின்றுவிடும். ரோடா வாசித்தாள்: “ஓவனைக் கட்டிக்கொண்டதற்கு நான் வருந்தவில்லை. உங்களைப் பிரிந்திருப்பதற்கே வருந்துகிறேன்.”

தொண்ணூறு வயது ஜாபெஸ் ஒப்பவில்லை. பெரியவரானாலும் பேர் சொல்லி, நீ என்று பேசுவதுதான் அவர்கள் வழக்கம்.

“வருந்தலைன்னு அவளே எழுதியிருக்காளே ரோடா, அப்புறம் எப்படிச் சேர்க்கிறது?”

“அவ வருந்தியிருந்தா நான் ஏது ஜாபெஸ்? உனக்குக் கால் ஒடிஞ்சப்போ சூப் கொண்டுவர ஆள் ஏது? அவளுக்கு நன்றி சொல்லத்தான் நான் வந்திருக்கேன்.”

முக்கால் மணி நேரம் எல்லோரும் கண்மூடித் தொழுதார்கள். பிறகு ஜாபெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, எழுதிக்கோங்க” என்றார். மெஹிதபெல் இன்றுமுதல் நம்மில் ஒருத்தி என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். அடுத்து, கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள்.

ரோடா வீடு திரும்பியபோது பதினொரு நாள் குரைப்பும் விசிலும் மொத்தமாக வந்து சேர்ந்தன; அடங்கச் சாயங்காலம் ஆயிற்று. சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் ரோடா நீட்டிய ஆப்பிள் பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போனார். எல்லாம் ஓய்ந்தபின் சமையலறையில் ஓர் ஆண்குரல் பாடுவதும், கூடவே ஒரு பெண்குரல் சேர்ந்து முணுமுணுப்பதும் கேட்டன. பாட்டே நுழையாத வீடு அது. அந்தப் பாட்டு இன்றுவரை நிற்கவில்லை. ரோடா அதைக் கேட்டுக்கொண்டேதான் பாத்திரம் கழுவுகிறாள்.