வாளிப் பாட்டு

சேஷன் கடைசியாகப் படுத்திருந்த அறையில் இருந்தவர்கள்: அக்கா பாகீரதி, புரோகிதர் ராமசுப்ரமணிய சாஸ்திரிகள், மகள் சீதாலக்ஷ்மி. மனைவி அனந்தலக்ஷ்மி இல்லை. கஞ்சி வைக்கிறேன் என்று அடுக்களைக்குப் போயிருந்தாள். அவர் கஞ்சி குடித்து மூன்று நாளாகியிருந்தது.

பாகீரதி தம்பியின் தாடையைப் பிடித்துக் கங்கை ஜலத்தை விட்டாள். பாதி கழுத்தில் வழிந்தது.

"சேஷா, நாராயணான்னு சொல்லு."

சேஷன் ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

"வாளி வாளி, எங்கே போனே?"

விரல் அப்படியே நின்றது.

"இது என்னதாக்கும்?" என்றார் சாஸ்திரிகள்.

"ஒண்ணாங் கிளாஸ் பாட்டு மாமா. நாம பதில் சொல்லணும்," என்றாள் சீதா.

இருபத்தெட்டு வருஷமாக வலியசாலைப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். எல்லாம் கை கொட்டி, கையசைத்துப் பாட அவரே கட்டிய பாட்டுகள். கேள்வி அவருடையது, பதில் குழந்தைகளுடையது. ஒரு குழந்தை வாயைத் திறக்காவிட்டாலும் விரலை இறக்கமாட்டார். அடுத்த வரிக்கும் போகமாட்டார். தெருவில் அவருக்குக் கைகொட்டு சார் என்று பெயர். தன் கல்யாணப் பேச்சு நடந்தபோது, அப்பா ஹஜூர் கச்சேரியில் சர்க்கார் குமஸ்தா என்று சொல்லிவிடலாமா என்று சீதா அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

பாகீரதி குனிந்து காதருகில் கத்தினாள். "நாராயணா!"

சேஷன் தலையை ஆட்டினார். "தப்பு. மறுபடியும். வாளி வாளி, எங்கே போனே?"

சாஸ்திரிகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தார்.

"படிப்பிச்சது மதிடா, போறும்," என்றாள் பாகீரதி. "இப்பவாவது பகவானை நினை."

வெளியே இடவ மாதத்துப் பருவமழை பிடித்திருந்தது. ஓட்டுச் சத்தத்தில் அவள் திரும்பத் திரும்ப உரக்கச் சொன்னாள். அவர் திரும்பத் திரும்பத் தப்பு என்றார். ஒவ்வொரு தடவையும் குரல் சிறுத்தது. விரல் மட்டும் இறங்கவில்லை.

காலையில் அம்மா சீதாவிடம் ஒன்றுதான் கேட்டிருந்தாள். "கடைசியா அவர் வாயில பகவான் பேர் வரணும். வந்துதுன்னு வந்து சொல்லு, போறும். என்னால நின்னு பாக்க முடியாது." அம்மாவின் அப்பா பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டே செத்துப்போனவர். அவர் எங்கே போயிருப்பார் என்று அம்மா நாற்பது வருஷமாகப் பயந்துகொண்டிருந்தாள்.

சீதா யோசித்தாள். பாட்டு முடியாமல் அப்பா வேறு எதையும் எடுக்கமாட்டார். முடித்துக்கொடுத்துவிட்டால் அடுத்தபடியாக நாமத்தைச் சொல்ல வைத்துவிடலாம்.

கட்டிலருகே உட்கார்ந்தாள். வாளி இறங்குவதுபோல் கையை முஷ்டியாக மடக்கிக் கீழே இறக்கினாள். கை அசையாமல் பதில் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

"கெணத்துக்குள்ளே குளிக்கப் போனேன்."

சேஷனின் கண்கள் அவள் பக்கம் வந்தன.

"வாளி வாளி, எப்படி வந்தே?"

"கயித்தைப் பிடிச்சு ஏறி வந்தேன்."

"வாளி வாளி, என்ன கொண்டு வந்தே?"

"சொட்டச் சொட்டத் தண்ணி கொண்டு வந்தேன்."

விரல் இறங்கியது.

"சரி," என்றார் சேஷன், தெளிவாக. "எல்லாரும் ஆத்துக்குப் போங்கோ."

அது சாயங்கால மணிக்கு முன்னால் சொல்கிற பாட்டு. சீதாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு பாடம் கிடையாது.

"இன்னொண்ணு இருக்குப்பா. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

சாஸ்திரிகள் அவர் மூக்கின் கீழே கையை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து வலது காதில் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார்.

பாகீரதி கங்கைச் சொம்பைக் கீழே வைத்தாள். "கிளாஸை விட்டுட்டியோ, சீதே?"

"அடுத்தது நாமம் சொல்ல வைக்கலாம்னு நெனச்சேன், அத்தே."

"உங்கம்மாட்ட நீயே போய்ச் சொல்லு. நான் பொய் சொல்லமாட்டேன். உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன்."

அடுக்களையில் கஞ்சி அடிப்பிடித்திருந்தது. அனந்தலக்ஷ்மி திரும்பாமல் கேட்டாள்.

"ஆச்சா?"

"ஆச்சும்மா."

"வந்துதா?"

"வந்துது."

"எத்தனை தரம்?"

"ஒரு தரம்."

அனந்தலக்ஷ்மி அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். புகை எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

"ஆத்துக்குப் போங்கோன்னாரே, இங்கே வரைக்கும் கேட்டுது. அது யாரை?"

சீதா கஞ்சிப் பானையைத் துணியால் பிடித்து இறக்கினாள். அம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே மேல் தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு கீழ்த் தாழ்ப்பாள்.