பதிமூன்று குட்டி, பன்னிரண்டு சென்டி

முதல் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. கணக்கும் அறிவியலும் எடுக்கும் தற்காலிக டீச்சர் ஆறாம் வகுப்பு வாசற்படியில் உட்கார்ந்து காகித ஸ்கேல்களை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி கொஞ்சம் விலகினாலும் மில்லிமீட்டர் கோடுகள் போய்விடும் என்பதால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெட்டினாள். பெருக்க வந்த ஆயாம்மா, காகிதத் துணுக்குகள் பறப்பதைப் பார்த்துத் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நீங்க வெட்ட வெட்ட நான் கூட்டிக்கிட்டே இருக்கணுமா டீச்சர்?"

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க ஆயாம்மா. மேற்பார்வையாளர் மேடம் வராங்க. நான் பாடம் நடத்தறதப் பாக்கப்போறாங்க."

"பாத்து?"

"பிடிச்சிருந்தா வேலைய நீட்டிப்பாங்க. இல்லேன்னா எங்க அக்காகூட பேக்கிங் செக்ஷனுக்குப் போகவேண்டியதுதான்."

ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொரு கத்தரி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பேக்கிங் செக்ஷன் டீச்சருக்குப் புதிதல்ல. படிப்பை முடிக்கும்வரை அவளும் அங்கேதான் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டினாள். காலை முதல் மாலைவரை நின்றபடியே வேலை, வீடு திரும்பும்போது செருப்புக்குள் கால் நுழையாது. அக்கா நல்ல மனசோடுதான் போன வாரமே அங்கே சொல்லிவைத்திருந்தாள், தங்கச்சி வந்தாலும் வருவாள் என்று. அதைக் கேட்டதிலிருந்து டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

பாடம் அளவைகளும் அலகு மாற்றமும். சென்டிமீட்டரை மில்லிமீட்டராக்கப் பத்தால் பெருக்குவதா வகுப்பதா என்று கேட்டால் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும், நாளைக்குக் கேட்டால் இரண்டு கட்சியும் இடம் மாறியிருக்கும். கையில் பிடித்து அளந்தால்தானே பிள்ளைகளுக்கு உறைக்கும்? பாதிப் பேரிடம் ஸ்கேலே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கென்று இருந்தது ஒரே ஒரு மர ஸ்கேல். பக்கத்து வகுப்பு சார் அதை மேஜையில் தட்டுவதற்கு வைத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அதைக் கெஞ்சி வாங்கி ஒரு பெஞ்சை அளந்து பார்த்தாள், சரியாக நூற்றிருபது சென்டிமீட்டர். பிறகு தன்னுடைய பிளாஸ்டிக் ஸ்கேலை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனாள்.

"பாருங்க டீச்சர், பூஜ்யத்துலேருந்து முப்பது வரைக்கும் முழுசா விழுந்திருக்கு. ஓரம் வெட்டுப்படவே இல்ல" என்று கடைக்காரர் பெருமையாகக் காட்டினார். அவளுக்கும் மனசு குளிர்ந்துவிட்டது.

மேற்பார்வையாளர் மேடம் குடையும் கையுமாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் வாசலில் கைகட்டி நின்றார். டீச்சர் பெஞ்சுக்கு ஒரு காகித ஸ்கேல் கொடுத்து, அவரவர் பெஞ்சின் நீளத்தை அளந்து நோட்டில் எழுதச் சொன்னாள். பிள்ளைகள் பெஞ்சின் மேல் கவிழ்ந்து, நுனிக்கு நுனி சாக்பீஸ் கோடு போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அளந்தார்கள்.

"நூத்தி முப்பது டீச்சர்" என்றாள் முதல் பெஞ்சு நெட்டச்சி.

"சரியா வச்சு அளம்மா."

"எங்களுக்கும் நூத்தி முப்பதுதான்" என்றது அடுத்த பெஞ்சு. அதற்கடுத்ததும் அதையே சொன்னது.

"என்னப்பா இது, நூத்தி இருபதுதானே வரணும்?"

வாய் தவறி வந்துவிட்டது. சொல்லி முடித்த மறுகணம் வகுப்பு முழுக்க ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு கவனமாக அளந்த பிள்ளைகள், அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தங்கள் கண்ணால் பார்த்ததை அழித்துக்கொண்டிருந்தார்கள். சுண்டு என்று எல்லோரும் கூப்பிடும் பையன் அழித்த அழிப்பில் தாளே கிழிந்துவிட்டது.

அவள் கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தாள். பூஜ்யம் பூஜ்யத்தோடு பொருந்தியது. காகிதத்தின் முப்பது, பிளாஸ்டிக்கில் இருபத்தெட்டைக்கூடத் தொடவில்லை. அவளுக்குச் சட்டென்று புரிந்தது. முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் அந்தத் தாளைவிடக் கொஞ்சம் நீளம். முழுசாக விழவேண்டும் என்று அந்தப் புண்ணியவான் மெஷினில் அதைச் சுருக்கியிருக்கிறார்.

அளக்கத் தெரியவில்லை என்று பிள்ளைகள் மேல் பழியைப் போட்டால் யாரும் மறுத்துப் பேசப்போவதில்லை, நம்பிக்கொள்ளவும் செய்வார்கள். கடைசி பெஞ்சில் மேடம் தலைநிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் வீங்கிய கால் கண்முன் வந்து போனது. ரப்பர் சத்தம்தான் அவளால் பொறுக்க முடியாததாக இருந்தது.

"நிறுத்துங்க. யாரும் அழிக்காதீங்க. நீங்க அளந்தது சரிதான், நான் குடுத்த ஸ்கேல்தான் தப்பு."

வாசலில் தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பிளாஸ்டிக் ஸ்கேலை நெட்டச்சியிடம் கொடுத்தாள். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை. எந்தக் கோடும் எந்தக் கோடும் ஒண்ணா நிக்குதுன்னு பாரு."

நாலைந்து தலைகள் முட்டிக்கொண்டன. "காகிதத்துல பதிமூணும் இதுல பன்னண்டும் ஒண்ணா இருக்கு டீச்சர்."

"அப்போ காகிதத்துல இருக்கறது சென்டிமீட்டர் இல்ல. அதுக்கு ஒரு பேர் வைங்க."

"குட்டி சென்டி" என்றான் சுண்டு. வகுப்பு சிரித்தது, பெயரும் நிலைத்துவிட்டது. பதிமூன்று குட்டி, பன்னிரண்டு சென்டி என்று கரும்பலகையில் எழுதினாள். நூற்றி முப்பதில் எத்தனை பதிமூன்று என்று கேட்டதற்குப் பத்து என்று கத்தினார்கள். அப்போ பத்துப் பன்னிரண்டு எவ்வளவு என்று அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நூற்றிருபது என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து மேடம் குடையைத் தூக்கிக் காட்டினார். "இது எழுபத்திரண்டு சென்டிமீட்டர். உங்க குட்டியில எவ்வளவு?"

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. "எழுபத்தெட்டு மேடம்" என்றான் சுண்டு.

"அதே குடைதானே? ஏன் கூடிடுச்சு?"

"குடை கூடல மேடம். குட்டி சின்னதுல்ல, அதனால அதே குடைக்கு நெறைய வேணும்."

"அப்போ மில்லிமீட்டர்ல சொன்னா?" என்று டீச்சர் குறுக்கே கேட்டாள்.

"அது ரொம்பச் சின்னது. இன்னும் நெறைய வேணும். பத்தால பெருக்கணும்."

எல்லோருமே பெருக்கணும் என்றார்கள். வகுக்கச் சொல்லும் கட்சியில் அன்று ஆளே இல்லை. டீச்சர் திரும்பிக்கொண்டு கரும்பலகையை அழிப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மணி அடித்ததும் மேடம் வராந்தாவில் அவளை நிறுத்தினார். "இத முன்கூட்டியே யோசிச்சுச் செஞ்சீங்களா?"

"இல்ல மேடம். கடையில சுருங்கிடுச்சு. நானும் சரிபாக்காம விட்டுட்டேன்."

"சும்மா இருந்திருந்தீங்கன்னா, யோசிச்சுச் செஞ்சதுன்னே நான் எழுதியிருப்பேன்."

"பிள்ளைங்களுக்குத் தெரியுமே மேடம்."

மேடம் சிரிக்காமல், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். "ஆண்டு முடியற வரைக்கும் நீங்க இங்கதாம்மா. அப்புறம் மேடம் ஒண்ணு சொல்லியிருக்காங்க. ஆசிரியர் பயிற்சி ஒண்ணு நடக்குது, அதுல இந்தப் பாடத்த நீங்க நடத்திக் காட்டணுமாம்."

"அதுக்கு நிரந்தர ஆசிரியருங்கதானே சார் போகலாம்? போன தடவை என்னை விடலையே."

"நானும் அதத்தான் கேட்டேன். கத்துக்க வரவங்கதான் நிரந்தரமா இருக்கணுமாம். சொல்லிக்குடுக்கறவங்களுக்கு அப்படி எதுவும் விதி இல்லையாம்." சொல்லிவிட்டு அவரே சங்கடமாகச் சிரித்தார்.

ஆண்டு முடிந்தால் மறுபடி முதலிலிருந்துதான். அது தெரிந்தும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலைமையாசிரியர் ஃபோனிலிருந்தே அக்காவுக்குச் சொன்னாள். "அப்போ இங்க வேற ஆளப் பாக்கச் சொல்லிடறேன்டி" என்றாள் அக்கா.

குட்டி சென்டி அதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் பிள்ளைகள் காகித ஸ்கேலும் கையுமாகத் திரிந்தார்கள். முகப்புச் சுவரோரம் ஒருவரையொருவர் நிற்கவைத்து உயரம் அளந்துகொண்டிருந்தவர்கள், அந்தப் பக்கம் வந்த டீச்சரையும் விடவில்லை.

"நேரா நில்லுங்க டீச்சர். குதிகால் தூக்கக் கூடாது" என்று அதட்டினாள் நெட்டச்சி. ஸ்டூல்மேல் ஏறித் தலைக்கு மேல் சாக்பீஸால் கோடு கிழித்தாள். கீழிருந்து காகிதத்தை நகர்த்தி நகர்த்தி அளந்தார்கள்.

"நூத்தி அறுபத்தொம்பது குட்டி."

"சென்டில?"

"நூத்தி அம்பத்தாறு" என்று மூன்று நான்கு குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

கோட்டுக்குப் பக்கத்தில் சுண்டு பெரிய எழுத்தில் 'எங்க டீச்சர்' என்று எழுதினான். அந்தச் சுவரில்தான் ஆசிரியர்களின் பெயர்ப் பலகை மாட்டியிருந்தது. தலைமையாசிரியரிலிருந்து தொடங்கி எல்லோர் பெயரும் வெள்ளை பெயின்டில் வரிசையாக இருந்தது. தற்காலிகமாக இருப்பவர்களை அதில் எழுதுவதில்லை.

சாயங்காலம் ஆயாம்மா வாளியும் ஈரத்துணியுமாக வந்து சுவரில் இருந்த சாக்பீஸ் கோடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று படித்தாள். பிறகு துணியைப் பிழிந்து, அந்த ஒரு கோட்டையும் எழுத்தையும் சுற்றித் தண்ணீர் படாமல் துடைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனாள்.