பன்னிரண்டில் ஒரு பங்கு

மார்ச் 14, வெள்ளிக்கிழமை மாலை, ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள நாடக அரங்கில் சுழல்மேடையின் மோட்டார் நின்றுபோனது. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது.

மேடைக்கு அடியில் கையால் தள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. மேடையைத் தாங்கும் நடுத்தண்டில் சுற்றிலும் பன்னிரண்டு கைப்பிடிகள். அவற்றைத் தள்ளினால் மேடையும் கூடவே சுற்றும். முன்னோக்கி மட்டும்தான், பின்னால் வராதபடி ஒரு இரும்புப் பல் தடுக்கும்.

மேடை மேலாளரான அக்கா, மோட்டாருக்கென்று டிகிரியில் வைத்திருந்த கணக்கைக் கைப்பிடிகளாக மாற்றினாள். முழுச் சுற்று 360. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 30. முதல் காட்சி மாற்றம் 90, கால் சுற்று: மூன்று கைப்பிடி. இரண்டாவது 210: ஏழு கைப்பிடி. தூணில் சாக்பீஸால் 3, 7 என்று எழுதினாள்.

இரண்டாவது மாற்றம் முடிந்ததும், நாடகத்தில் நடிக்கும் அவள் தங்கை மேடையிலுள்ள திறப்பின் வழியே பின்பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். திறப்பு மேடையோடு சுற்றும். அவளைத் தாங்கும் மெத்தை கீழே சிமெண்ட் தரையில் ஒரே இடத்தில் கிடக்கும்.

"மாமா, பாத்துத் தள்ளுங்க. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அக்காகிட்டேருந்து உங்களக் காப்பாத்த ஆளே இருக்காது," என்றாள் தங்கை.

"எனக்கு மெத்தை கிழிஞ்சிடுமேன்னுதான் கவலை," என்றார் அக்காவின் கணவர். அரங்கின் தச்சர். ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் எல்லோருக்கும் அவர் 'குட்டை'.

முதல் மாற்றம் பிசகில்லாமல் முடிந்தது. இரண்டாவதற்கு மேடைக்கு அடியிலிருந்த சைகை விளக்கு எரிந்தது. குட்டையும் இரண்டு ஆட்களும் தள்ள, தூணைக் கடக்கும் கைப்பிடிகளை அக்கா எண்ணினாள். நான்காவதில் திறப்பிலிருந்து இறங்கிய நீல வெளிச்சம் மெத்தையின் மேல் சரியாக விழுந்தது. ஐந்தாவதில் மெத்தையைத் தாண்டி வெறும் தரைக்குப் போனது.

"நிறுத்துங்க."

"ஏழுன்னுதானே எழுதியிருக்க?" என்றார் குட்டை.

"ஆரம்பத்துலேருந்து ஏழுங்க. மூணு முன்னாடியே தள்ளியாச்சு. இப்ப நாலுதான். ஒண்ணு கூடிப்போச்சு."

பின்னால் தள்ள வழியில்லை. முன்னால் தள்ளிச் சரி செய்ய இன்னும் பதினொன்று. மேலே இசை இறங்கத் தொடங்கிவிட்டது. அது நின்றால் விளக்கணையும்; விளக்கணைந்தால் தங்கை சாய்வாள். அவள் காதில் கருவி எதுவும் கிடையாது. கத்தினாலும் இசையில் அவளுக்குக் கேட்காது.

"மெத்தைய இழுங்க," என்றாள் அக்கா. "சுத்துன பக்கமே. ஒரு கைப்பிடி தூரம்."

மூவரும் இழுத்தார்கள். மெத்தையின் ஓரம் தரையிலிருந்த ஆணியில் மாட்டியது. குட்டை ஒரே இழுப்பில் கிழித்து நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம்."

இசை நின்றது. வெளிச்சம் போனது. இருட்டில் தொப்பென்று சத்தம்.

"மெத்தைய நகத்துனது யாரு?" என்று தங்கையின் குரல் மெல்லக் கேட்டது.

அக்கா தவழ்ந்து போய் அவள் தலையைத் தடவிப் பார்த்தாள். "கைய அசைடி."

"இடது கை முடியலக்கா."

மணிக்கட்டு மட்டும் மெத்தைக்கு வெளியே தரையில் பட்டிருந்தது. எலும்பில் விரிசல். ஆறு வாரத்துக்கு அவள் வேடத்தில் வேறொருத்தி நடித்தாள்.