பெயர் திருத்தப் படிவம்

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநோயாளிகள் கூடத்தில் பதிவு மேசை அவளுடையது. வருகிறவர்களின் பெயரை எழுதி, ஃபைல் போட்டு, முறை வந்ததும் மைக்கில் கூப்பிட வேண்டும். பதினோரு வருஷமாக இதே வேலை. வருகிறவர்களின் முகத்தை அவள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பெயர் மட்டும் பசை போட்டு ஒட்டியது போல மனதில் நின்றுவிடும்.

விநோதமான பெயர் வந்துவிட்டால் அன்று அவளுக்குக் கொண்டாட்டம். இழுப்பறையில் அதற்கென்றே ஒரு நீல நோட்டு வைத்திருந்தாள். அதில் ராக்கெட் என்று ஒரு பெரியவர் இருந்தார். தந்தி என்று ஒரு டெய்லர் இருந்தார். ஏழு பிள்ளைகளுக்கும் கிழமைகளின் பெயரையே வைத்துவிட்டு, எட்டாவது பிறந்ததும் திண்டாடிப் போன ஒரு தகப்பன் இருந்தார். 'முற்றும்' என்று ஒரு பெண் வந்தாள். அவளுக்குப் பிறகு பிறந்த தம்பிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்காமல் விட்டது மைக்கக்காவுக்கு இன்னும் ஒரு குறைதான்.

மதியம் சாப்பாட்டு அறையில் நோட்டைத் திறப்பாள். புளுகுப் பெயர் கூடாது என்பது அங்கே விதி. அதனால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் தேதியும் ஃபைல் நம்பரும் எழுதியிருக்கும், சந்தேகப்படுகிறவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். மருந்துக் கவுன்டர்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமுவார். வீட்டிலும் தட்டைப் போட்டவுடன் கணவன் கேட்பார், "இன்னிக்கு என்ன சரக்கு?" நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். அந்தச் சிரிப்பெல்லாம் யார் வீட்டுச் சொத்து என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான்கு மாதத்துக்கு முன் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் கையைக் கிழித்துக்கொண்டு வந்தார். ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிறவர், ஐம்பத்தெட்டு வயது. அவருடைய பெயர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். அங்கே ஒரு கூடமே சிரித்தது, அது போதும். அன்று அவள் அந்தப் பெயரை மைக்கில் கூப்பிட்டாள். கூப்பிட்டவள் மைக்கை அணைக்க மறந்து பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னாள், "இந்தப் பேரைக் கூப்பிட எனக்கே கூச்சமா இருக்கு. வச்சவங்களுக்கு இல்லாமப் போச்சே." நாலு மூலை ஸ்பீக்கரிலும் அது கேட்டது. அறுபது எழுபது பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் ரத்தம் சொட்டும் கையைத் துண்டில் சுற்றிப் பிடித்தபடி அத்தனை பேருக்கும் நடுவே எழுந்து நடந்தார். அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளும் அளவுக்குத்தான் வெட்கம் வந்தது. மதியத்துக்குள் அதுவும் போய்விட்டது.

நேற்றுக் காலையில் ஒருவர் வீங்கிய கையோடு மேசைக்கு வந்தார், கூடவே மனைவி. தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற ஒரு பெயரைச் சொன்னார்.

"முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புது ஃபைல் போட்டு உள்ளே அனுப்பினாள்.

அரை மணி நேரத்தில் கட்டுப்போடும் நர்ஸ் வேகமாக வந்தாள். "அக்கா, இப்போ கைவீக்கத்தோட வந்தாரே, அவருக்கு ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காதாம். போன தடவை மூஞ்சி வீங்கி, மூச்சு அடைச்சுப் போச்சாம். எந்த ஊசின்னு தெரியல. எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாரு. சீழ் வச்சிருக்கு, காய்ச்சல் ஏறுது. டாக்டருக்கு ஊசி போடவும் பயம், போடாம விடவும் பயம்."

நர்ஸின் பின்னாலேயே அந்த மனைவியும் வந்து நின்றார். வரிசையில் நின்றவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேசை மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஆஸ்பத்திரிதாங்க. இங்கதான் வந்தோம். அப்போ வேற பேரு குடுத்தோம். அதுதான் அவரு நிஜப் பேரு."

"என்ன பேரு?"

"வாயால வேண்டாங்க. ஒரு பேப்பர் குடுங்க, எழுதித் தர்றேன். நீங்களும் படிச்சுச் சொல்லிடாதீங்க."

துண்டுச் சீட்டில் எழுதி, கையால் மறைத்து நீட்டினார். மைக்கக்கா படித்தாள். அந்தக் கண்ணாடிக் கடைக்காரரின் பெயர். பெயர் நினைவிருக்கிறது, தான் சொன்ன சொல்லும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த மனிதர் அரை மணி நேரத்துக்கு முன் கண்ணுக்கு எதிரே நின்றபோது அவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இதைவிடக் கேவலம் என்ன வேண்டும்?

கம்ப்யூட்டரில் தேடிப் பயனில்லை. போன மாதம்தான் அதை மாற்றியிருந்தார்கள். பழைய ஃபைல்கள் எல்லாம் கட்டுக் கட்டாகக் கீழ் அறையில், தேதி வாரியாக. தேதி தெரியாமல் தேடினால் நாள் கணக்காகும்.

"என்னிக்கு வந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"நாலு மாசம் இருக்கும். தேதி சொல்லத் தெரியலீங்க."

தேதி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட மனம் போயிற்று. அப்படி நினைத்ததற்கும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு இழுப்பறையை இழுத்து நீல நோட்டை எடுத்தாள். உடம்பால் மறைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள். ஆனால் அந்த அம்மாள் மேசை மேல் சாய்ந்து நின்றிருந்தார்.

தேதியும் நம்பரும் நர்ஸிடம் போயின. பத்து நிமிஷத்தில் ஃபைல் வந்தது. ஆகாத மருந்தின் பெயர் அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. டாக்டர் வேறு மருந்தைப் போட்டார். கை பிழைத்தது.

அந்த அம்மாள் மட்டும் மேசையை விட்டு நகரவில்லை.

"அவரு பேருக்குப் பக்கத்துல பத்துக்குப் பத்துன்னு போட்டிருக்கே, அது என்னங்க மார்க்கு?"

மைக்கக்கா நோட்டை மூடி இழுப்பறைக்குள் தள்ளினாள்.

"அவங்க அம்மா வச்ச பேருங்க," என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். "கல்யாணத்தப்போ எங்கப்பா மாத்தச் சொன்னாரு. பொண்ணைக் குடுக்காட்டியும் பரவாயில்ல, பேரை மாத்த மாட்டேன்னுட்டாரு. கடை போர்டுலயும் அந்தப் பேருதான் போட்டிருந்தாரு. இங்க வந்துட்டுப் போன மறுநாள் அதை அவரே சுரண்டி எடுத்தாரு."

சாயங்காலம் அவர் கட்டுப் போட்ட கையோடு மேசைக்கு வந்தார். ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல் இருக்கக் கூடாது, ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதற்குப் பெயர் திருத்தப் படிவம் இருக்கிறது.

"பழைய பேருலயே சேர்த்துடட்டுங்களா ஐயா?" ஐயா என்ற சொல் அவள் வாயில் தடுமாறியது.

"வேண்டாம்மா. புதுசுலயே இருக்கட்டும்."

"ஐயா, அன்னிக்குப் பேசினது நான்தான்."

"குரல் தெரியுதும்மா," என்றார் அவர்.

படிவத்தில் காரணம் என்று ஒரு வரி உண்டு. வழக்கமாக 'நோயாளியின் விருப்பம்' என்று எழுதுவாள். கை வரவில்லை. 'இவருடைய பெயரை நான் எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்தேன்' என்று எழுதி, அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மேலதிகாரி படித்தால் வேலைக்கே ஆபத்து. ஆகட்டும், தனக்கு வேண்டியதுதான் என்று இருந்தது.

அவர் நிதானமாகப் படித்தார்.

"இது எந்த மேசைக்கெல்லாம் போகும்?"

"மூணு மேசைக்குப் போகும்."

"அப்போ மூணு மேசையிலும் என்ன பேருன்னு தேடிப் பார்ப்பாங்க. அடிச்சுடுங்கம்மா. விருப்பம்னே போடுங்க."

மனத்தைக் கழுவிக்கொள்ளக்கூட அவருடைய பெயரையே எடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைக் கிழித்துவிட்டு, வேறு படிவம் எடுத்து, விருப்பம் என்று எழுதினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

அவர் பேனாவை நல்ல கையில் வாங்கிக் குனிந்து, ஒரே இழுப்பில் போட்டார். போட்டு முடித்த பிறகுதான் பார்த்தார். பழைய பெயர். அம்மா வைத்தது, ஐம்பத்தெட்டு வயது வரை கை பழகியது. அதன் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றார். "பழக்க தோஷம். இன்னொரு தாள் தர முடியுமா?"