வலக்கையில் இரண்டு பிரேக்

இஃப்பத்தின் இடது கை முழுதாக மூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் பேருந்துப் படியில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு நொறுங்கி, கோணலாகச் சேர்ந்துவிட்டது. திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யார் கண்ணிலும் படாமல் வலக்கையாலேயே சமாளிக்கப் பழகியிருந்தாள். ஞாயிறு காலைகளில் அவளோடு சைக்கிள் ஓட்டும் குழுவுக்கும் இது தெரியாது.

குழு தார்ச்சாலையை விட்டுக் கண்மாய்க்கரை, சரளைப்பாதை என்று இறங்கியபோது அவளும் அதற்கேற்ற கிராவல் சைக்கிளுக்கு ஆசைப்பட்டாள். குழுவை நடத்தும் உடையப்பன் தன் வண்டியில் உள்ளதையே பட்டியலாக எழுதிக் கொடுத்தார். முன்னால் இரண்டு பல்சக்கரம், இரண்டு கைக்கும் கியர், ஒல்லி டயர், நன்றாகக் குனிந்து பிடிக்கும் ஹேண்டில்பார். பழனி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அமலன் அப்படியே பூட்டிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம், தாடிக்கொம்புக்கு அப்பால் கரையிலிருந்து இறங்கும் சரிவில் ஆடுகள் குறுக்கே வந்தன. பின்சக்கரத்து பிரேக் இடக்கையில் இருந்தது. விரல்கள் பாதியில் நின்றுவிட, பதறி வலக்கையை மட்டும் அழுத்தினாள். முன்சக்கரம் சறுக்கி, பக்கத்துச் சம்பங்கித் தோட்டத்தில் போய் விழுந்தாள். பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். ஆட்டால் வந்த வினை என்றார்கள் குழுவினர். அவளும் ஆமாம் என்றாள்.

மறுநாள் வண்டியைப் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போய், விற்றுக் கொடுக்கச் சொன்னாள். அமலன் குனிந்து பார்த்தார். முன்பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. பின்பிரேக் கட்டை பூட்டிய நாள் போலவே புதிதாக இருந்தது. ஏன் என்று கேட்டார். இஃப்பத் இடக்கையை மேஜைமேல் வைத்து, மடக்கிக் காட்டினாள். விரல்கள் பாதி வழியில் நின்றன.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலயேண்ணே."

அமலன் எத்தனையோ வண்டி பூட்டியிருக்கிறார். ஓட்டுகிறவர் எப்படி ஓட்டுவார் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

அடுத்த நாள் விடிந்ததும், வேடசந்தூர்ப் பக்கம் அவளை ஓட்டவிட்டு ஸ்கூட்டரில் பின்னாலேயே போனார். அவள் எழுந்து நின்று மிதிக்கவேயில்லை. உட்கார்ந்தபடியே லேசாக, விடாமல் மிதித்தாள். இறக்கம் வருமுன்பே வேகத்தைக் குறைத்தாள். முருங்கைத் தோப்பைக் கண்டால் நின்றாள், குளத்தைக் கண்டாலும் நின்றாள்.

"நீ பாத்துப் பாத்துப் போறவ. அப்பறம் எதுக்கு உடையப்பன் வண்டிய ஓட்டுற?" என்றார்.

அவளுக்கு முதலில் சுருக்கென்றது. யோசித்தபோது மனசு லேசானது.

அன்றே இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிவு செய்தார்கள். முன்னால் ஒரே பல்சக்கரம். இடக்கைக்குக் கியர் வேலையே இல்லை. மேட்டிலும் உட்கார்ந்தே மிதிக்கப் பின்னால் பெரிய பல்சக்கரம். சரளையில் வழுக்காத அகல டயர். மணிக்கட்டில் பாரம் விழாதபடி உயரமான, அகன்ற ஹேண்டில்பார். இரண்டு சக்கரத்து பிரேக்கும் வலக்கையின் ஒரே பிடியில். அழுத்தினால் பின்சக்கரம் முதலில் பிடிக்கும்படி, அமலன் தன் இடக்கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு பட்டறை வாசலில் இருபது தடவையாவது ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தார்.

ஞாயிறன்று அதே சரிவில் இஃப்பத் மெதுவாக, பயமில்லாமல் இறங்கினாள். கடைசியாகத்தான் வந்து சேர்ந்தாள். கீழே காத்திருந்த உடையப்பன் ஹேண்டில்பாரை உற்றுப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் ஒன்றுமே இல்லையே என்றார்.

"இந்தக் கை சரியா மூடாதுண்ணே" என்றாள். எல்லாருக்கும் கேட்டது.

உடையப்பன் தண்ணீர் குடித்தார். மற்றவர்கள் கிளம்பி முன்னால் போன பிறகு, வண்டியை அவளருகே உருட்டிக்கொண்டு வந்தார்.

"எனக்கு ரெண்டு வருஷமா முட்டி வலி, தங்கச்சி. அந்தக் கியர மிதிச்சு ராத்திரி தூங்க முடியல. அமலன்கிட்ட நீயே சொல்றியா, இல்ல நான் போகவா?"

"நீங்களே போங்கண்ணே. இப்பல்லாம் அவரு கேக்குறாரு" என்றாள் இஃப்பத்.