மாடிப்படியில் ஐந்து உருண்டை

சிம்ரனுக்கு ரத்தம் கம்மி என்று பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மா சீட்டில் எழுதிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "வெளுத்துப் போயிருக்கு பாருங்க. மாத்திரை மட்டும் பத்தாது. கறி, கீரை, முட்டை, எது உள்ள இறங்குதோ அதைக் குடுங்க" என்றார். எது இறங்கும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஏழு வயதுப் பெண். தட்டில் எதை வைத்தாலும் கோழி கிளறுகிற மாதிரி கிளறிவிட்டு எழுந்துவிடுவாள். கறித்துண்டு என்றால் கன்னத்தில் அதக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் துப்பிவிட்டு, "மெல்ல முடியல நைனா" என்பாள். முன்பல் இரண்டும் விழுந்த வாய். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

அவள் அப்பன் வேலுசாமி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு குடோனில் மூட்டை தூக்குகிறவன். அம்மா பஞ்சவர்ணம் துணிக் கம்பெனியில் டைலர். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் கம்பெனி கூப்பிட்டுக்கொள்ளும். அதனால் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு வேலுசாமியின் கையில். ஆறு நாள் மூட்டை சுமந்த தோள், ஏழாம் நாள் கரண்டி பிடிக்கும்போது கொஞ்சம் இளகும்.

ஆட்டுக்கறி அவர்கள் வீட்டில் பண்டிகைக்கு மட்டும். மாட்டுக்கறிதான் சின்ன வயதிலிருந்து பழகிய ருசி. ஆனால் கள்ளிக்குப்பத்தில் இந்த மாடி வீட்டுக்குக் குடி வந்த அன்றைக்கே வீட்டுக்காரம்மா கோமளா வாசலில் நின்றபடி சொல்லிவிட்டாள்.

"கறி மீன் எல்லாம் ஆக்கிக்கோங்க. நாங்களும் துன்றவங்கதான். பெரிய கறி மட்டும் இந்தப் படி ஏறக் கூடாது. அத்த மட்டும் சொல்லிட்டேன்."

மாட்டுக்கறியைத்தான் சொல்கிறாள் என்று புரிந்து வேலுசாமி தலையாட்டினான். ஏழு வீடு பார்த்து அலுத்துப்போய் வந்திருந்தான். இங்கே பள்ளிக்கூடம் தெருமுனையில், கம்பெனி பஸ் நிற்கிற இடம் பக்கத்தில். ஒரு வருடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான். டாக்டரம்மா சீட்டு வந்த பிறகுதான் மஞ்சள் பைக்குள் கறி படியேற ஆரம்பித்தது.

கறிக்கடையில் கறியைக் கைமாவாக அரைக்கிற மிஷினில் உட்காருகிறவள் கடைக்காரரின் மனைவி சபீனா. அவள்தான் வழி சொன்னாள்.

"துண்டு போட்டா துப்புதா? கைமாவா எட்த்துனு போ அண்ணாத்தே. கொழுப்ப ஒதுக்கிட்டு ரெண்டு தபா மிஷின்ல உட்டுத் தர்றேன். பல்லே இல்லாத புள்ளகூட முழுங்கும்."

"வாய்ல வெச்சாதான முழுங்கறதுக்கு."

"தோசைக்குள்ள வெச்சு மூடு. உள்ள இன்னா கீதுன்னு கேட்டா, தோசைதான் கீதுன்னு சொல்லு."

முதல் வாரம் தோசைக்குள் வைத்து மூடினான். சிம்ரன் தோசையைப் பிரித்துக் கறியை வழித்து ஓரம் வைத்துவிட்டு வெறும் தோசையைத் தின்றாள். அடுத்த வாரம் கேரட்டைத் துருவிப் போட்டு, சேமியாவோடு கிளறிக் கொடுத்தான். பாதி போயிற்று. மூன்றாம் வாரம் கோலா உருண்டை பிடித்துப் பார்த்தான். மிக்சி சுற்றவில்லை என்று அரை டம்ளர் தண்ணீர் ஊற்றியது தப்பாகிவிட்டது. உருண்டையெல்லாம் எண்ணெயில் பிரிந்து நுரைத்துக்கொண்டு அலைந்தது. வேலுசாமி அதை வடிகட்டிச் சோற்றில் போட்டுத் தானே தின்றான்.

நாலாம் வாரம் கை படிந்தது. கைமாவில் மஞ்சளும் உப்பும் போட்டு, சட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் சுண்ட வைத்தான். தேங்காய், சோம்பு, இஞ்சி பூண்டு, பேருக்கு ஒரே ஒரு பச்சை மிளகாய். பொட்டுக்கடலையைப் பொடித்துப் போட்டதும் மாவு கைக்குச் சொன்னபடி கேட்டது. எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக, குழந்தை வாய்க்கு இரண்டு கடி வருகிற அளவுக்கு உருட்டினான். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. சிம்ரன் அடுப்படியிலேயே நின்றுகொண்டு நாலு தின்றாள். ஐந்தாவதைக் கையில் வைத்து ஊதிக்கொண்டே, "இத்த தெனிக்கும் பண்ணு நைனா" என்றாள். வேலுசாமி தீயைக் குறைத்தான்.

அதற்கடுத்த ஞாயிறு நடந்ததுதான் வம்பு.

கோமளாவின் மகள் மைதிலிக்கும் ஏழு வயது. இரண்டும் ஒரே வகுப்பு. ஊதின காற்றாடி மாதிரி எந்நேரமும் மாடிப்படியில் சுற்றிக்கொண்டிருக்கும். அன்றைக்கு வேலுசாமி தட்டில் உருண்டைகளைப் போட்டுச் சிம்ரனிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் திரும்பிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், இரண்டு பெண்களும் படியில் தட்டை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தட்டு காலி. மைதிலியின் கையில் கடைசி உருண்டையின் பாதி.

"நைனா, மைதிலி அஞ்சு துன்ட்டா. நான் மூணுதான்" என்று முறையிட்டாள் சிம்ரன்.

"அங்கிள், இன்னும் கீதா?" என்று கேட்டாள் மைதிலி, விரலை நக்கிக்கொண்டே.

வேலுசாமி காலித் தட்டை எடுத்துக்கொண்டான். "தீந்துபோச்சும்மா" என்றான்.

வேலை முடிந்து வந்த பஞ்சவர்ணத்திடம் சொன்னபோது அவள் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. "நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. கொழந்த துன்னுச்சு, செரிச்சுடும். சொன்னே, நாளைக்கே சாமானக் கட்டச் சொல்லும் அந்தம்மா. நடு வருசத்துல இவள எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்ப?"

"அவங்க கொழந்தைக்கு அவங்க குடுக்காதத நாம குடுத்துட்டோமே."

"வேணும்னா குடுத்தோம்?"

அவன் பதில் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கோமளாவே மேலே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா வேலு, இன்னா மாயம் பண்ண? எம் பொண்ணு ஒரு பிடி சோறு துன்ன என்னத் தெருத் தெருவா ஓட வெப்பா. அஞ்சு உருண்டை துன்னாளாமே! ஆட்டுக் கைமாதான? எப்படிப் போட்ட, எனக்கும் சொல்லிக் குடு."

அவளே பதிலையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பஞ்சவர்ணம் அவசரமாக, "உக்காருங்கக்கா, டீ போடறேன்" என்றாள். வேலுசாமி கோமளாவின் முகத்தைப் பார்த்தான். பிள்ளை தின்றதே என்று பூரித்துப்போயிருந்த முகம். போன வாரம் அடுப்படியில் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவனுக்குப் பட்டது.

"ஆட்டுக்கறி இல்லக்கா. பெரிய கறி."

சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வது என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் உதட்டிலேயே நின்றது.

"நான் இன்னா சொல்லித் தந்தேன் ஊட்ட?"

"படி ஏறக் கூடாதுன்னீங்க. பொண்ணுக்கு ரத்தம் இல்லன்னுட்டாங்க. அதுக்குத்தான் ஏத்தனேன். மைதிலி துன்னத நான் பாக்கல. பாத்திருந்தா உட்டிருக்க மாட்டேன்."

கோமளா திரும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். பஞ்சவர்ணம் டீக்குப் பால் வைத்த அடுப்பை அணைத்துவிட்டு, அட்டைப்பெட்டி எங்கே இருக்கிறது என்று பரண் பக்கம் பார்த்தாள்.

திங்கள், செவ்வாய் மைதிலி மேலே வரவில்லை. சிம்ரன் தனியாகப் படியில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது கேட்டருகில் கோமளாவின் புருஷன் எத்திராஜ் நின்றுகொண்டிருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

"வேலு, இங்க வா."

"மாசக் கடைசிக்குள்ள வேற ஊடு பாத்துக்கறோம் அண்ணாத்தே. பரீட்ச மட்டும் முடியட்டும்..."

"யோவ், இன்னா பேசற நீ? மொதல்ல கேளு. எம் பொண்ணு மூணு நாளா மேல பண்ண உருண்டதான் வேணும்னு உசுர வாங்குது. இவளும் யூட்யூப் பாத்து ஆட்டுக்கறில போட்டா. எண்ணெயில எறங்குனதும் கரஞ்சு கஞ்சியாப் பூட்ச்சு."

"தண்ணி ஊத்தி அரைச்சிருப்பாங்க" என்று வாய் தவறி வந்துவிட்டது வேலுசாமிக்கு.

"அத்த நீயே அவகிட்ட சொல்லு. இதுக்கு நடுவுல நான் வர்ல."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோமளா படியேறி வந்தாள். ஒரு கையில் ஆட்டுக் கைமா, இன்னொரு கையில் அவள் வீட்டு இரும்புச் சட்டி, அதற்குள் அவள் வீட்டுக் கரண்டி, மிக்சி ஜார், எண்ணெய். கூடவே மைதிலி. அன்றைக்குக் கம்பெனி கூப்பிடாததால் பஞ்சவர்ணமும் வீட்டில் இருந்தாள்.

"இதுலயே போடு. உன் சட்டில வேணாம்."

"சரிக்கா."

"உம் பொண்ணு ஒடம்புக்கு நீ இன்னா ஆக்கறேன்னு இனிமே நான் கேக்கப்போறது இல்ல. எம் பொண்ணு வாய்ல ஒண்ணு போறதுன்னா மொதல்ல என்னக் கேக்கணும்."

"கேக்கறேன்க்கா."

"அன்னிக்கி மட்டும் ஆட்டுக்கறின்னு சொல்லியிருந்தே, பொறவு தெரிஞ்சு, இந்நேரம் உன் சாமான் தெருவுல கெடந்திருக்கும்." சொல்லிவிட்டு மிக்சி பக்கம் போய் நின்றாள். "எவ்ளோ நேரம் சுண்ட வெக்கணும், சொல்லு."

இரண்டு அடுப்பிலும் இரண்டு சட்டி ஏறியது. ஒன்று அவர்களுடையது, ஒன்று இவர்களுடையது. வேலுசாமி இதில் வைத்த கரண்டி அதில் படாமல் பார்த்துக்கொண்டான். கோமளாவின் பார்வையும் கரண்டியின் மேலேயே இருந்தது. அப்படியே பொட்டுக்கடலை எவ்வளவு, சோம்பு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டாள். ஆட்டுக்கறி உருண்டை பிரியாமல் சிவந்து மேலே வந்தபோது, "அட!" என்றாள்.

பெண்கள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மைதிலிக்கு எவர்சில்வர் தட்டு, சிம்ரனுக்கு நீலப் பிளாஸ்டிக் தட்டு. நடுவில் ஒரு முழம் இடம் விட்டுக் கோமளா உட்கார்ந்துகொண்டாள். மைதிலி ஒன்றைக் கடித்து, கண்ணைச் சுருக்கி, வெகு நேரம் மென்றாள்.

"நல்லாதான் கீது. ஆனா அன்னிக்கி துன்ன மாதிரி இல்லியே."

வேலுசாமி சட்டிக்குள் பார்த்தான். சிம்ரன், "அது இன்னான்னா மைதிலி..." என்று ஆரம்பிக்க, பஞ்சவர்ணம் நீலத் தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து மகளின் வாயில் திணித்தாள்.

கோமளா மகளை முறைத்தாள். வாயோரத்தில் சிரிப்பு முட்டுவதை மறைக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"பேசாம துன்னுடி" என்றாள்.

மைதிலி இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.